ராயபுரம் வங்காளி ஓட்டலில் மீன் வெட்டினேன்

வங்காளி ஓட்டல் என்று பலகை மாட்டிவிட்டு, சோறு, பருப்பு, பொரியல், மீன், இனிப்பு எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. போன மாதம் அப்படித்தான் ஆயிற்று. ஆலை கேண்டீனில் என்னோடு வேலை செய்த பெண்கள், நான் ஓய்வு பெற்றதற்காக என்னை நகரத்துக்குள் அழைத்துப் போய், புதிதாகத் திறந்த ஓர் ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார்கள். பரிமாறியவரைக் கூப்பிட்டு, "கசப்பு எங்க? புளிப்ப ஏன் இப்பவே வெச்சிட்ட?" என்று கேட்டேன். அவர் விழித்தார். பெண்கள் சிரித்தார்கள்.

"யக்கா, திருவொத்தியூர் குப்பத்துல பொறந்தவ நீ. வங்காளி சாப்பாடு உனக்கு எப்டி தெரியும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணூர் வரை வந்தும் முடியவில்லை. எழுதித் தா என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. முடிந்தவரை எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்த சமயம் அது. கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் குப்புற விழும் முன்பே என் வீட்டுக்காரர் கட்டுமரத்தோடு ஐப்பசிப் புயலில் போய்விட்டார். மரம் மட்டும் எண்ணூர்ப் பக்கம் ஒதுங்கியது. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நான் கூடை தூக்கினேன். திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை தெருத்தெருவாக மீன் விற்பேன். துறைமுக மதிலுக்கு எதிர்ச் சந்தில் ஒரு வங்காளி ஓட்டல் இருந்தது. கப்பல்காரர்கள், ரயில்வே குமாஸ்தாக்கள், துறைமுக அலுவலகக்காரர்கள் என்று சென்னையில் இருந்த வங்காளிகள் எல்லாம் அங்கேதான் சாப்பிடுவார்கள். முதலாளி பெயர் நிகில். நாங்கள் நிகில்பாபு என்போம். கப்பலில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர், யுத்தத்தின்போது இங்கேயே தங்கிவிட்டார். அவருடைய ஊர் கிழக்கு வங்காளத்தில் ஓர் ஆற்றங்கரையில். பிறகு நாடு பிரிந்தபோது அந்த ஊர் வேறு நாட்டுக்குள் போய்விட்டது.

ஒரு நாள் ஓட்டலின் பின்கட்டில் கூடையை இறக்கினேன். எண்ணூர் கழிமுகத்துக் கொடுவா ஒன்று, என் கை நீளம். நிகில்பாபு வாங்கிக்கொண்டார். வெட்டித் தரட்டுமா என்று கேட்டு, அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தேன். அவர் உள்ளே போகாமல் அங்கேயே நின்றார். அவரிடம் இருந்த சமையல்காரர்கள் நின்றுகொண்டு கத்தியால் வெட்டுகிறவர்கள்.

"எங்க ஊர்ல பொம்பளைங்க இப்படித்தான் குந்திகினு வெட்டுவாங்க," என்றார். துறைமுகத்தில் கற்றுக்கொண்ட தமிழ். "பேரு இன்னா?"

"தேசம்மா."

அவர் முகம் மாறியது. அவர்கள் பாஷையில் தேஷ் என்றால் சொந்த ஊராம். "நாளிக்கும் வா, தேஷ்மா தீதி," என்றார். தீதி என்றால் அக்கா. அவரைவிட நான் எத்தனையோ சிறியவள். அங்கே வேலை செய்த பெண்களை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். மறுநாள் போனேன். அப்படியே பல வருடம் போனேன். அந்த ஓட்டல் மூடிய பிறகுதான் ஆலை கேண்டீனுக்கு வந்தேன்.

அவர் வெட்டச் சொன்ன விதம் எங்கள் விதமல்ல. நாங்கள் வட்ட வட்டமாக வெட்டுவோம். அவருக்குத் தலை கழுத்துச் சதையோடு தனியாக வர வேண்டும். உடம்பைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் மறுபடி முதுகு, வயிறு என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதுகுத் துண்டில் சதை கெட்டி, முள் பொடி. வயிற்றுத் துண்டு மெத்தென்று கொழுப்போடு இருக்கும், முள் பெரிசு. செதில் எடுத்து, குடல் நீக்கி, நன்றாகக் கழுவிய பிறகுதான் அருவாமனையில் வைக்கலாம். வெட்டிய துண்டைத் தண்ணீரில் ஊறவிட்டால், "ருசிய சாக்கடைக்கு ஊத்திட்டியே தீதி," என்பார். அதற்கு மேல் திட்டத் தெரியாது அவருக்கு. துண்டில் மஞ்சளும் உப்பும் தடவி வைப்போம். கடுகெண்ணெயைப் பச்சை வாசனை போய்ப் புகை கிளம்பும்வரை காய்ச்சி, மீனை லேசாக வறுத்து எடுத்து, பிறகுதான் குழம்பில் விடுவார். அந்தப் புகைக்கு ஆரம்பத்தில் என் கண் எரியும். சந்தில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள்.

எந்தத் துண்டு யாருக்கு என்பதிலும் அவருக்குக் கணக்கு உண்டு. "இது கப்பல்காரனுக்கு. இது பல்லு போன பெரியவருக்கு," என்று என் பக்கத்தில் நின்று பொறுக்கி வைப்பார். கை கழுவும் இடத்துக்கு வரும் எச்சில் தட்டுகளையும் பார்ப்பார். தட்டில் சோறு மிச்சமிருந்தால், யாருடையது என்று விசாரித்து, அவரிடமே போய் மெல்லிய குரலில், உடம்பு சரியில்லையா என்று கேட்பார். சமையல் சரியில்லையா என்று அவர் கேட்டதில்லை.

பரிமாறுவதற்கும் வரிசை இருந்தது. முதலில் கசப்பு, பாகற்காயோ வேப்பிலை போட்ட கத்தரிக்காயோ. பிறகு பருப்பு. பிறகு காய்கறி. பிறகுதான் மீன். அப்புறம் இனிப்பும் புளிப்புமாகத் தக்காளிப் பச்சடி. கடைசியில் வெல்லம் போட்ட தயிர். ஒன்று முடிந்து அடுத்தது வர வேண்டும். ஒரு தடவை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வேடிக்கைக்காக வந்து உட்கார்ந்தார்கள். பாகற்காயைப் பார்த்ததும் ஒருவர், "இன்னா நைனா, பசிச்சி வந்தவனுக்கு மருந்து குடுக்கிற?" என்றார். நிகில்பாபு, "துன்னு பாரு. அப்பறம் பசிக்கும்," என்றார். "இப்பவே பசிக்குதுன்னுதான் மாமு வந்தோம்," என்றார் மற்றவர். ஆனாலும் தின்றார்கள். அதற்குப் பிறகு சம்பளம் வாங்கும் நாட்களில் வருவார்கள். பாகற்காயை மட்டும் ஒருவருக்கொருவர் தள்ளிவிட்டுக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பங்கள் வரும். ரிக்ஷாவில், ஜட்காவில், பெண்கள் கரை போட்ட சேலையில் வந்து இறங்குவார்கள். கூடத்தின் ஓரத்தில் மூங்கில் தட்டி மறைத்துப் பெண்களுக்கென்று ஓர் இடம் விட்டிருந்தார். அங்கே போகாமல் கூடத்திலேயே புருஷனோடு உட்காருகிறவள் லதிகா ஒருத்திதான். அவள் கணவன் சுபோத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. ராயபுரத்திலேயே குடியிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம் தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். அதனால் எங்கள் தமிழையே பேசினாள். வந்ததும் நேரே பின்கட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பாள்.

"இன்னா யக்கா, இன்னிக்கி தல பெர்சா கீதா?"

மீன் தலையை உடைத்துப் போட்டுச் செய்யும் பருப்பு அவளுக்கு உயிர். சாப்பிடும்போது வாய் ஓயாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு மும்முரத்தில் முள் தொண்டையில் சிக்கி, வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைத்து இறக்கினோம். அதிலிருந்து சுபோத்தே அவள் மீனில் முள் எடுத்து, சதையை அவள் தட்டின் ஓரத்தில் வைப்பான். அவள் அதைப் பார்க்காமலே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பாள். அவள் கையிலிருந்த சங்கு வளையல் தட்டில் இடிக்கும் சத்தம் பின்கட்டுவரை கேட்கும்.

மழைக்காலத்தில் சுபோத்துக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பவில்லை. அப்போது லதிகாவின் வயிற்றில் குழந்தை.

சுபோத்தின் அப்பா ஹரிநாத் கல்கத்தா மெயிலில் வந்து இறங்கினார். ஏதோ ஊரில் பள்ளி ஆசிரியர். மருமகளை ஊருக்கு அழைத்துப் போக வந்தவர். ஆனால் அவளால் எழுந்து நடக்கவே முடியவில்லை. இந்த உடம்போடு ரயில் பயணம் கூடாது என்று லேடி டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். மத்தியானம் மட்டும் அவளைக் கைத்தாங்கலாக ஓட்டலுக்கு அழைத்து வருவார்.

வெள்ளைச் சேலை. வெறும் கை. தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவர்கள் சாதியில் புருஷன் போன பெண் மீன் தொடக் கூடாது. வெங்காயம், பூண்டு கூடாது. சிவப்பாக இருக்கிறதே, அந்த மைசூர்ப் பருப்புகூடக் கூடாது. ஒரு வேளைதான் சோறு. ஏகாதசியில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். நிகில்பாபு அவளுக்கென்று தனி அடுப்பு மூட்டி, புதுப் பானையில் பச்சரிசி வடித்து, நெய்யும் வேக வைத்த உருளைக்கிழங்கும் வைத்தார். எச்சில் தட்டு கழுவ வரும்போது, வைத்தது வைத்தபடி இருக்கும். அவர் ஒன்றும் கேட்க மாட்டார். தட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் ஹரிநாத் பின்கட்டுக்கே வந்துவிட்டார். நான் அருவாமனையில் இருந்தேன். சில வருடங்களில், காதில் விழுவது புரியும் அளவுக்கு அவர்கள் பாஷை எனக்குப் பழகியிருந்தது. அவர்கள் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"டாக்டர் கைவிரித்துவிட்டார், நிகில். மீன், முட்டை, பால், ஏதாவது உள்ளே போனால்தான் குழந்தை நிற்குமாம். அவள் பாலைக்கூட வாந்தி எடுக்கிறாள். நீ ஓர் உதவி செய். மீன் தலையைக் கொதிக்க வைத்து, அந்தச் சாற்றை வடிகட்டிப் பாசிப்பருப்பில் ஊற்றிவிடு. அவளுக்குத் தெரிய வேண்டாம். யாருக்கும் தெரிய வேண்டாம்."

நிகில்பாபு தலையாட்டவில்லை. "யாருக்கும் தெரியாம ஒண்ண நான் தட்டுல வெச்சதில்ல, மாஸ்டர் மோஷாய்," என்றார். மோஷாய் என்றால் ஐயா.

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் மகன் போய்விட்டான். அவன் விட்டுப் போனது அது ஒன்றுதான்," என்று சொல்லி, வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். பெரிய மனிதர் அழுவதைப் பார்க்கக் கூடாது என்று நான் மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் நிகில்பாபு அந்தச் சாற்றைக் காய்ச்சினார். இஞ்சி தட்டிப் போட்டு, நெய் ஊற்றித் தாளித்து, துணியில் வடித்தார். பருப்புக் கிண்ணத்தில் அதை ஊற்றிவிட்டு எடுத்தபோது நான் எழுந்து கிண்ணத்தின் மேல் கையை வைத்தேன்.

"வாணாம், பாபு."

"கொழந்த பொழைக்கும், தீதி."

"மத்தவங்களுக்கு வேணா தெரியாது. மீன் தல பருப்புக்கு உயிர விடறவ அது. மொத வாயிலயே கண்டுபுடிச்சிடும். அப்பறம் உங்க கையால தண்ணி குட்த்தாலும் குடிக்காது. அவங்க மாமனாரு கையாலயும் குடிக்காது."

அவர் கிண்ணத்தை இறக்கி வைத்தார். வைத்துவிட்டு அடுப்பு மேடையிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப இன்னாதான் பண்றது?" என்றார். எனக்கென்று எடுத்து வைத்திருந்த சோறும் மீனும் மூலையில் இருந்தன. அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனேன். பின்கட்டுக்காரி கூடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அங்கே வழக்கமில்லை. நிகில்பாபு தடுக்கவில்லை.

லதிகாவுக்கு எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தேன். அவள் என் தட்டைப் பார்த்தாள்.

"யக்கா, உங்க வூட்டுக்காரரு போனப்பறமும் நீ மீனு துன்ற."

"துன்றேன்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியா?"

"எங்க குப்பத்துல சொல்ல மாட்டாங்க. நாந்தான் துன்னாம கெடந்தேன். அவரு ஒடம்பு கெடைக்கலம்மா. அவர எட்த்துகினு போன கடல்லேர்ந்துதான இதுவும் வருதுன்னு நெனப்பு. பாத்தாலே கொமட்டும். அப்பறம் பாலு வத்திப் போச்சு. பொண்ணு அழுதுகினே கெடந்துது. ஒரு நாளு கண்ண மூடிகினு துன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் பாலு வந்துது."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்.

"எனக்கு ஆசையா கீது யக்கா. அதான் பயம். அவரு போயி எத்தினி நாளு ஆச்சு? அதுக்குள்ள இந்த வாசன வந்தா வாயில தண்ணி ஊறுது. நான் இன்னா பொம்பள?"

"மாசமா கீறவளுக்கு ஊறாம இன்னா பண்ணும். அது உள்ள கீறவங்க கேக்கறது."

"மாமனாரு எதிர்ல எப்டி துன்றது? அவரு வாய தொறந்து ஒண்ணும் சொல்லல. சொல்லலன்னா வாணாம்னுதான அர்த்தம்."

நான் சாப்பிட்ட கையோடு எழுந்தேன். கூடத்தில் ஒரு பெஞ்சியில் கிழவர் காத்திருந்தார். நிகில்பாபுவைக் கூப்பிட்டு அவள் சொன்னதைச் சொல்லி, அதை ஒன்றுவிடாமல் கிழவரிடம் அவர்கள் பாஷையில் சொல்லச் சொன்னேன். கேட்கக் கேட்கக் கிழவர் முகம் வெளுத்தது.

"நான் சாப்பிடு என்று சொன்னால், மகனை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டேன் என்று அவள் நினைப்பாள் என்று பயந்தேன்," என்றார்.

"நீங்க அவளுக்குப் பயந்தீங்க. அவ உங்களுக்குப் பயந்தா," என்றார் நிகில்பாபு. "ரகசியமா வேணாம். நீங்களே சொல்லுங்க."

கிழவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு மூன்று மேஜைகளில் அவர்கள் ஊர்க்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்து, லதிகாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஏகாதசி வந்து போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ என்று நான் நிகில்பாபுவிடம் கேட்டேன். அவர், லாட்ஜுக்குப் பால் அனுப்பியிருப்பதாக மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. வாசலில் ரிக்ஷா வந்து நின்றது. ஹரிநாத் மருமகளின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அவள் தட்டிப் பக்கம் திரும்பினாள். அவர் அவளை நிறுத்தி, கூடத்தின் நடுவிலிருந்த மேஜையில் உட்கார வைத்தார். வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில் நிகில்பாபுவைக் கூப்பிட்டார்.

"என் மருமகளுக்கு மீன் தலைப் பருப்பு. கொடுவா, வயிற்றுத் துண்டு."

கூடத்தில் பேச்சு நின்றது. நான் பின்கட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அன்றும் நிகில்பாபு வரிசையை மாற்றவில்லை. தானே பரிமாறினார். முதலில் கசப்பு வைத்தார். லதிகா தலை நிமிராமல் ஒரு வாய் சாப்பிட்டாள். பிறகு பருப்பைக் கொண்டுவந்து வைத்தார். அவள் அதைத் தொடவில்லை. மீன் வருவதற்குள் பின் மேஜையிலிருந்த பெரிய குமாஸ்தா ஒருவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். மனைவி, பிள்ளைகளையும் எழுப்பி அழைத்துக்கொண்டு வெளியே போனார். அந்த அம்மாள் மட்டும் வாசலில் ஒரு கணம் நின்று லதிகாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள். ஹரிநாத்தின் காது சிவந்தது. ஆனால் எழவில்லை.

மீன் வந்தது. வயிற்றுத் துண்டில் பெரிய முள்தான், யாரும் எடுத்துவிடலாம். கிழவர் மீன் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு முள்ளாக இழுத்து மேஜையில் வைத்தார். சதையை அவள் தட்டின் ஓரத்தில் வைத்தார். அவள் அதைப் பார்த்ததும் அழத் தொடங்கினாள்.

"சாப்பிடு, மா," என்றார். "நான் சொல்கிறேன். எல்லோரும் கேட்கத்தான் சொல்கிறேன். சாப்பிடு."

அவள் எடுத்து வாயில் வைத்தாள். கண்ணீர் சோற்றில் விழுந்தது. மென்று விழுங்கினாள். அடுத்த வாய் எடுத்தாள். பிறகு துண்டில் பாதியைப் பிட்டு அவர் தட்டில் வைத்தாள். அப்போதுதான் நான் கவனித்தேன், அவர் தட்டில் வெறும் சோறும் பருப்பும்தான் இருந்தது. மகன் போனதிலிருந்து அவரும் மீன் தொட்டிருக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சாப்பிட்டார். பக்கத்து மேஜையிலிருந்த ஒரு பெண், தனக்கு வைத்த தக்காளிப் பச்சடிக் கிண்ணத்தை எடுத்துவந்து லதிகாவின் முன் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மெதுவாகக் கூடத்தில் பேச்சு திரும்பியது.

அதற்குப் பிறகு சில குடும்பங்கள் ஓட்டலுக்கு வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று மேஜை காலியாகக் கிடக்கும். லதிகா தினமும் வந்தாள். ஆரம்பத்தில் வாந்தி எடுத்தாள், பிறகு நின்றது. முகத்தில் சதை பிடித்தது. ஒரு நாள் பின்கட்டை எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, இவ்ளோ சின்ன தல வாங்கிகிற?" என்று கேட்டாள். நிகில்பாபு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவாக இருந்தாலும் குரல் பெரிசு என்று லேடி டாக்டர் சொன்னாராம். குழந்தைக்கு முகம் பார்க்கத் தெரியும்வரை இருந்துவிட்டு, கல்கத்தா மெயிலில் புறப்பட்டார்கள். நிகில்பாபுவும் நானும் சென்ட்ரலுக்குப் போனோம். லதிகா மெல்லிய நீலக் கரை போட்ட சேலை கட்டியிருந்தாள். ஹரிநாத் வண்ணாரப்பேட்டையில் வாங்கித் தந்தது. வழிக்கு வறுத்த கொடுவாவும் சோறும் கட்டி, ஜன்னல் வழியாக அவளிடம் கொடுத்தேன்.

நிகில்பாபு பிளாட்பாரத்தில் கிழவரைத் தனியாக அழைத்துக் கேட்டார். "மாஸ்டர் மோஷாய், இங்க ரெண்டு மூணு மேஜைதான் காலியாச்சு. அங்க ஊரே பேசும். இன்னா பண்ணுவீங்க?"

ஹரிநாத் ஜன்னல் வழியாக மருமகளைப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் வகுப்பில் நான் பேசினேன், அந்த ஊர் கேட்டது," என்றார். "இனி ஊர் பேசட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன். அவள் சாப்பிடுவாள்."

கார்டு விசில் ஊதினார். கிழவர் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. நான் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தேன். உள்ளே லதிகா குழந்தையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பொட்டலத்தில் நான் கட்டியிருந்த நூலைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள்.